பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் "இதுவும் பொண்ணா?" என்ற கேள்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தாய்மார்களும் துணைக்கு வரும் பாட்டிமார்களும் பெஞ்சில் காத்திருக்கும் நேரத்தில், செவிலியராகப் பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் கேள்விகள் இவை. ஊசி போட்டால் காய்ச்சல் வருமா என்று எல்லோர் முன்னிலும் சத்தமாகக் கேட்பவர்கள், இவற்றை மட்டும் மற்றவர்கள் எழுந்து போன பிறகே கேட்கிறார்கள். கூடுமானவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தந்திருக்கிறேன்.

1. பிள்ளை பெத்தவ நாலு நாள் அழுவது சகஜம்தானே, அதற்கெல்லாம் ஒரு வியாதிப் பெயரா?

நாலு நாள் அழுவது சகஜம்தான். பிரசவமான மூன்றாம் நாளை ஒட்டி, பால் கட்டத் தொடங்கும் சமயத்தில், பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்குக் காரணம் தெரியாமல் கண்ணீர் வரும். ஒரு சின்னச் சொல்லுக்கு மனம் உடையும், அடுத்த நிமிடமே சிரிப்பார்கள். கர்ப்ப காலம் முழுவதும் உச்சத்தில் இருந்த ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வெளியேறியதும் சட்டென்று இறங்குவதும், தையல் வலியும், தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் என்பதால் அதற்கு மருந்து தேவையில்லை.

இரண்டு வாரத்தைத் தாண்டியும் மனம் மேலெழாமல் கிடந்தால் அது வேறு. அதைத்தான் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்கிறோம். குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அது தலைகாட்டலாம், பலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கியும் இருக்கும். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, மொத்தம் 20,043 தாய்மார்களின் விவரங்களோடு 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு, நூற்றுக்கு 22 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. எங்கள் பெஞ்சில் ஐந்து தாய்மார்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. எனக்கு வந்திருப்பது அதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு அழுகையே வரவில்லையே?

அழுகை வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் பிடிக்காமல் கிடப்பது, சாப்பாட்டில் ருசி போவது, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது, குழந்தையைத் தூக்கும்போது யாருடைய குழந்தையையோ தூக்குவதுபோல இருப்பது, எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது, செத்தால் தேவலை என்று தோன்றுவது ஆகியவற்றில் பல சேர்ந்து, பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் பலர் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதே இல்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல் என்றுதான் வருகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரின் பெயரால் அழைக்கப்படும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1987 முதல் உலகெங்கும் பயன்படுகிறது. தமிழிலும் அது உண்டு. கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு, விடைகளுக்குப் பூஜ்யத்திலிருந்து 30 வரை மதிப்பெண் போடுவார்கள். ஐந்து நிமிட வேலை. மதிப்பெண் கூடினால் நோய் என்று தீர்ப்பாகிவிடாது, மருத்துவர் உட்கார வைத்து விரிவாகப் பேச வேண்டும் என்று பொருள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது பத்தாவது கேள்வி. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த ஒன்றுக்கு 'ஆம்' என்றால் அன்றைக்கே பேசியாக வேண்டும். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

3. பெண் குழந்தை பிறந்தால்தான் இது வருகிறது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை, மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தைச் சேர்ந்த 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஒரு முறையும், பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் இன்னொரு முறையும் பார்த்ததில், புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். குறைந்த வருமானம், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கை உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவற்றோடு அவர்கள் கண்ட இன்னொரு காரணத்தை அவர்களுடைய சொற்களிலேயே கவனிக்க வேண்டும்: பையன் வேண்டும் என்று விரும்பியிருந்தபோது மகள் பிறந்தது. வெறுமனே மகள் பிறந்தது என்று அவர்கள் எழுதவில்லை.

அதே 2002இல் கோவாவில் நடந்த ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. அங்கே பிரசவமான 6 முதல் 8 வாரங்களில் 23 சதவீதத் தாய்மார்களுக்கு மனச்சோர்வு இருந்தது; அவர்களில் 78 சதவீதத்தினர் கர்ப்பமாக இருந்தபோதே மனத்தளவில் வாடியிருந்தவர்கள். அதாவது குழந்தை ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே பெரும்பாலானவர்களுக்குச் சுமை ஏறத் தொடங்கியிருந்தது. குழந்தையின் பாலினமும் அங்கே ஒரு காரணமாகத்தான் வந்தது, ஆனால் தனியாக அன்று: கணவனின் அடியும் வீட்டில் பசியும் தாயின் மனத்தை எந்த அளவுக்கு வாட்டும் என்பதைப் பிறந்தது ஆணா பெண்ணா என்பது மாற்றியது. முதல் விடையில் சொன்ன 2017ஆம் ஆண்டுத் தொகுப்பும், பணக் கஷ்டம், குடும்ப வன்முறை, கணவனின் ஆதரவின்மை, முன்பே இருந்த மனநோய் ஆகியவற்றின் வரிசையில்தான் பெண் பிறப்பையும் வைக்கிறது.

4. வெளிநாட்டில் ஆண் பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்று படித்தேன். எது சரி?

இரண்டும் சரிதான். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட, 296 பெண்களைப் பற்றிய ஆய்வில், ஆண் குழந்தை பெற்றவர்களுக்கு மனச்சோர்வின் வாய்ப்பு 71 முதல் 79 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. ஆண் கருவைச் சுமக்கும்போது தாயின் உடலில் ஏற்படும் அழற்சி இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். சிக்கலான பிரசவமோ அதைவிடவும் பெரிய காரணமாக அதே ஆய்வில் தெரிந்தது. பிரான்சிலும் ஆண் குழந்தைகளின் தாய்மார்களிடம் கடுமையான மனச்சோர்வு கூடுதலாகக் கண்ட ஆய்வு உண்டு. சீனாவில் சாங்ஷா நகரில் 2007இல் வெளியான ஆய்விலோ நம் ஊரைப் போலவே பெண் குழந்தைகளின் தாய்மார்கள்தான் அதிகம் வாடினார்கள்.

பெண் குழந்தையின் உடலில் தாயைச் சோர்வடையச் செய்யும் ஏதோ ஒன்று இருக்குமானால் அது இங்கிலாந்திலும் வேலை செய்திருக்க வேண்டும் அல்லவா? ஊர் மாறினால் முடிவு தலைகீழாகிறது என்றால், காரணத்தைத் தொட்டிலில் தேடாமல் தொட்டிலைச் சுற்றி நிற்பவர்களிடம் தேட வேண்டும்.

5. எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். பெண் என்று யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிறகு ஏன் மருமகள் இப்படி இருக்கிறாள்?

முதலில், பாலினத்துக்குத் தொடர்பே இல்லாத காரணங்கள் மூன்றாம் விடையில் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். அடுத்து, சொல்லாமல் இருப்பதற்கும் சொல்லாமலே தெரியப்படுத்துவதற்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். ஒரு தாய் ஏழு மாதம் கழித்து என்னிடம் சொன்னது இது. பிரசவமான அன்று மாலை, கட்டிலருகே நின்று கணவர் தன் அம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். மறுமுனையில் "என்ன குழந்தை?" என்று கேட்டார்கள். "பொண்ணும்மா." சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, நீ சாப்பிட்டியா?" என்று வந்தது. அந்தச் 'சாப்பிட்டியா'வில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதை அவர் மாமியாரின் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார், ஏழு மாதத்துக்குப் பிறகும் ஏற்ற இறக்கம் மாறாமல்.

வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில பிரசவ வார்டுகளில் ஆண் பிறந்தால் ஒரு தொகை, பெண் பிறந்தால் அதற்குக் குறைவு என்று கடைநிலை ஊழியர் கைநீட்டும் வழக்கம் இருப்பதை அறியாதவர் நம்மில் யார்? பிறந்து அரை மணி நேரத்தில் ஒரு தாய் தன் குழந்தையின் விலையைக் கேட்டுவிடுகிறார். அதன் பிறகு வருகிறவர்கள் முகத்தைச் சாய்த்து, "பரவாயில்ல, மகாலட்சுமி பொறந்திருக்கா" என்கிறார்கள். அந்தப் 'பரவாயில்ல' எதற்கு என்று யோசித்தால் போதும். போதும்பொண்ணு என்று பெயர் வைத்த காலம் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். பெயர்தான் மாறியிருக்கிறது.

6. பெண் என்று டாக்டர் சொன்னதும் எனக்கே மனசு விழுந்துவிட்டது. நான் கெட்ட தாயா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். அந்த ஏமாற்றம் குழந்தையைப் பற்றியதாக இருப்பது குறைவு. இனி என்னென்ன கேட்க வேண்டியிருக்கும், சீர் செனத்திக்கு என்ன செய்வது, இன்னொரு பிரசவத்துக்கு உடம்பு தாங்குமா என்ற பயம்தான் அந்த நொடியில் ஒன்றாகத் திரண்டு வருகிறது. "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி" என்று பழமொழி சொல்லி வளர்க்கப்பட்ட ஒருவருக்கு அந்தப் பயம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ஏமாற்றம் நோய் ஆகாது; பெரும்பாலும் குழந்தையோடு பழகப் பழகக் கரைந்துவிடும். இப்படி நினைத்துவிட்டேனே என்று அதை மறைத்து வைத்து, தன்னைத் தானே தண்டித்துக்கொண்டே இருக்கும்போதுதான் இரண்டாம் விடையில் சொன்ன அறிகுறிகளாக அது முற்றுகிறது. நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

7. "உன் வயித்துல பொண்ணாத்தான் தங்கும்" என்று மாமியார் சொல்கிறார். பெண் பிறந்ததற்கு நான்தானே காரணம்?

நீங்கள் காரணம் இல்லை. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். தந்தையின் விந்தணு எக்ஸ் கொண்டு வந்தால் பெண், ஒய் கொண்டு வந்தால் ஆண். பாலினம் குரோமோசோம்களால் தீர்மானமாகிறது என்பதை நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் அறிவியலாளர் 1905இலேயே எழுதிவிட்டார். அதற்காகக் கணவர் மீது பழி போடவும் வேண்டாம். எந்த அணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை.

8. அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், ஒரு வேலையும் கிடையாது, வேளாவேளைக்குப் பத்தியச் சாப்பாடு. அவளுக்கு என்ன குறை?

தாய்வீட்டுக்கு அனுப்பும் நம் வழக்கம் நல்ல வழக்கம். பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வும் ஆள் உதவியும் கிடைக்கின்றன. ஆனால் அது மட்டுமே காப்பு ஆகிவிடாது. வேலூர் ஆய்வில் மாமியாரோடு மட்டுமல்ல, சொந்தப் பெற்றோரோடு இருந்த சிக்கலும் காரணமாக வந்ததை மறக்க வேண்டாம். இரண்டாவது பெண்ணையும் பெற்றுக்கொண்டு வந்த மகளைப் பார்த்து, சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அவள் தாயே புலம்பினால், அந்த வீட்டில் அவளுக்கு எங்கே ஓய்வு?

கணவன் வீட்டுக்குத் திரும்பும் மாதத்தைத் தனியாகக் கவனியுங்கள் என்பது என் அனுபவம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, நாள் பார்த்துக் குழந்தையோடு கொண்டுவிட்ட பிறகு, சமையலும் இரவுக் கண்விழிப்பும் அக்கம்பக்கத்தார் விசாரிப்பும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. குழந்தையை எடைபோட வரும் நாளில் தாயின் முகத்தையும் பார்க்க வேண்டிய காலம் அது.

9. தாய் இப்படி இருந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

கவனிக்காமல் விட்டால் பாதிக்கும். மூன்றாம் விடையில் சொன்ன கோவா ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு, 2003இல், வெளியிட்ட முடிவுகளில், மனச்சோர்வு கொண்ட தாய்மார்களின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடை குறைந்திருந்தார்கள். பால் ஊட்டுவதிலும், குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவதிலும், ஊசிக்கு நாள் தவறாமல் வருவதிலும் தாய்க்குத் தெம்பு இல்லாமல் போவது இதற்குக் காரணமாக இருக்கலாம். இதைத் தாயைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பத்தாரிடம் சொல்வதற்காகச் சொல்கிறேன்.

10. மனநல மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கலாமா? அடிமையாகிவிட மாட்டேனா?

பெரும்பாலும் கொடுக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளில் செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன என்பதால் பாலூட்டும் தாய்மார்களுக்கு மருத்துவர்கள் அவற்றையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பால் கொடுக்கிறேன் என்பதையும், குழந்தை குறைமாதத்தில் பிறந்தது என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

இவை போதை மாத்திரைகள் அல்ல. சரியான பிறகும் சில மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும்.

11. மாத்திரை வேண்டாம், பேசினாலே சரியாகும் என்கிறார்களே?

லேசான, நடுத்தரமான நிலையில் முறையான பேச்சு சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. கடுமையானால் மருந்தும் வேண்டும். பேச்சு சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. பாகிஸ்தானின் கிராமங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வு கொண்ட 903 தாய்மார்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2008இல் வெளிவந்த முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அந்தப் பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடிப் போன தாய்மார்களில் 23 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு இருந்தது. வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதத்தினருக்கு இருந்தது. அந்தப் பணியாளர்கள் குழந்தையின் நலனைப் பேச்சின் வாசலாக வைத்துக்கொண்டதால் மாமியார்களும் கதவைத் திறந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த அம்சம். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தொடங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எங்கே வருவார் என்பதை அவர் சொல்வார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில், தமிழிலும் பேசலாம்.

12. என் அண்ணிக்குப் பிரசவமாகி எட்டு நாள். தூங்குவதே இல்லை, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்கிறாள். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகப் போகிறார்கள். என்ன செய்வது?

கூட்டிப்போக விடாதீர்கள், இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தேவைப்பட்டால் 108ஐ அழையுங்கள். இதுவரை சொன்ன மனச்சோர்வு வேறு, இது வேறு. முன்பு பிரசவ ஜன்னி என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னவற்றில் இதுவும் அடங்கும். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், சட்டென்று வரும். இல்லாத குரல் கேட்கும், நடக்காததை நம்புவார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து உண்டு என்பதால் இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது.

சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை, அதற்கு ஆபத்து இருந்தால் ஒழிய, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது.

13. குழந்தை கையிலிருந்து விழுந்துவிடுமோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று திடீர் திடீரென்று தோன்றுகிறது. வெளியே சொல்லவே பயமாக இருக்கிறது.

சொன்னது நல்லது. இப்படிப்பட்ட எண்ணம் வந்ததும் பதறி, கத்தியைத் தூர எடுத்து வைத்து, மாடிப்படியில் குழந்தையைத் தூக்கவே அஞ்சுகிறவர்கள் பலர். எண்ணம் அவர்களுக்கே அருவருப்பாக இருக்கிறது. அதன்படி நடக்க அவர்களுக்கு விருப்பமில்லை. கவலையிலும் மனச்சோர்விலும் இது வருவதுண்டு, சிகிச்சையில் போகும்.

ஆனால் அந்த எண்ணம் நியாயம் என்று படத் தொடங்கினாலோ, இவள் பெண்ணாக வளர்ந்து கஷ்டப்படுவதைவிட நாங்கள் இருவரும் போய்ச் சேர்வது மேல் என்று தோன்றினாலோ, முந்தைய விடையில் சொன்னபடி அது அவசரம். உடனே அருகிலிருப்பவரை அழையுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

14. எனக்குப் பையன்தான் பிறந்தான். வீடே கொண்டாடுகிறது. எனக்கு மட்டும் எதுவும் பிடிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

நான்காம் விடையைப் படித்தவர்கள் நம்புவார்கள். பெண் பெற்ற தாய் வாடினால் ஏன் என்றாவது ஊர் ஊகிக்கிறது. ஆண் பெற்ற தாய் வாடினால், வரம் கிடைத்தும் அழுகிறாளே, திமிர் என்கிறார்கள். இதனால் உங்களைப் போன்றவர்கள் இன்னும் தாமதமாகவே எங்களிடம் வருகிறார்கள். பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கப் பத்துப் பேர் இருக்கும் வீட்டில் தாய் சாப்பிட்டாளா என்று பார்க்க ஆள் இல்லாததை நான் கண்டிருக்கிறேன். இரண்டாம் விடையில் சொன்ன பத்துக் கேள்விகளில் குழந்தை ஆணா பெண்ணா என்ற கேள்வி கிடையாது.

15. அடுத்தது பையனாகப் பிறந்துவிட்டால் இவளுக்கு எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? ஸ்கேனில் பார்த்துச் சொல்ல யாராவது இருக்கிறார்களா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை: கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதும், சொல்லக் கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆண் வேண்டும் என்பதற்காக எத்தனை பெண் கருக்கள் இல்லாமல் போயின என்பதை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1000 ஆண்களுக்கு நாட்டில் 919 பெண்கள், தமிழ்நாட்டில் 943 பெண்கள்.

முதல் கேள்விக்கு: சரியாகாது. ஒரு முறை இந்த மனச்சோர்வு வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். குழந்தை எதுவானாலும் அப்படித்தான். கோவா ஆய்வில், பிரசவமான 6 முதல் 8 வாரங்களில் வாடியிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆறாம் மாதத்திலும் வாடியே இருந்தார்கள். அந்த நிலையிலேயே அடுத்த கர்ப்பத்தைச் சுமக்கச் சொல்வதும், ஒன்பது மாதமும் பையனா என்று அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதும், மூன்றாம் விடையில் சொன்ன எதிர்பார்ப்பைத்தான் இன்னொரு மடங்கு கூட்டும். முதலில் இவர் குணமாகட்டும். இடைவெளிக்கு எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்று தாயும் கணவரும் சேர்ந்து வந்து கேளுங்கள். அடுத்த குழந்தை வேண்டும் என்று அவரே முடிவு செய்தால், முதல் மாதப் பரிசோதனையிலேயே போன முறை இப்படி இருந்தது என்று எங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையில் அதையும் எழுதி வைத்துக்கொள்வோம்.